அம்மாவின் வாழ்க்கைக் கதையில் அம்மாவைக் காணோம்: எப்படிக் கேட்பது?

கோடியக்கரைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு எண்பது வயதை நெருங்குகிறது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, இப்போது இருப்பது எல்லாமே வேதாரண்யத்தைச் சுற்றித்தான். நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் வாழ்க்கைக் கதையைக் கைபேசியில் பதிவு செய்து வருகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இணையத்தில் கிடைத்த ஒரு கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "உங்கள் முதல் நினைவு எது?", "உங்கள் வாழ்க்கையை மாற்றிய தருணம் எது?", "நீங்கள் மிகவும் பெருமைப்பட்ட நாள் எது?" இந்த மாதிரிக் கேள்விகள்.

ஒன்றுக்கும் நேரான பதில் வரவில்லை. முதல் நினைவைக் கேட்டால், "அப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடியே எங்க அம்மா சாணி தெளிச்சிருவாங்க, நாங்க புள்ளைங்கல்லாம் முல்லைக்கொல்லைக்கு மொட்டுப் பறிக்கப் போயிருவோம்" என்கிறார். அது ஏதோ ஒரு நாள் நடந்ததில்லை, தினமும் நடந்தது. வாழ்க்கையை மாற்றிய தருணம் என்றால் சின்ன மாமாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததைச் சொல்கிறார். பெருமைப்பட்ட நாள் என்றால் தம்பி கல்யாணத்தில் எத்தனை மூட்டை அரிசி பொங்கினார்கள் என்பதைச் சொல்கிறார். சரி என்று அவருடைய கல்யாணத்தைப் பற்றியே கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், எந்தப் பெரியப்பா கோபித்துக்கொண்டு கை நனைக்காமல் போனார், அவரை யார் போய் அழைத்து வந்தார்கள், எல்லாம் வருகிறது. மணவறையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என்ன தோன்றியது என்பது மட்டும் வரவில்லை. "எனக்கு என்ன தோணும்? குனிஞ்ச தலை நிமிரல." அவ்வளவுதான்.

மறதி என்று சொல்லவே முடியாது. வீட்டில் இருந்த உம்பளச்சேரி மாடுகளை வரிசையாகச் சொல்வார். எதற்கு நெற்றியில் சுட்டி, எந்தக் கன்று சிவப்பாய்ப் பிறந்து எந்த மாதத்தில் நிறம் மாறியது, அதன் தாயை யார் வீட்டிலிருந்து என்ன விலைக்கு ஓட்டிவந்தார்கள், எந்த மாடு யாருடைய வைத்தியச் செலவுக்காக விலை போனது. தன் காசுமாலை எந்தெந்தக் காரியத்துக்கு அடகுக்குப் போய்த் திரும்பி வந்தது, கடைசியில் எதற்குப் போய் வராமலே போனது என்பதையும் ஒரு தடங்கல் இல்லாமல் சொல்வார்.

வருஷத்தை எண்ணாகச் சொல்லும் வழக்கமே அவருக்கு இல்லை. "மொதப் புயலுக்கு நான் நடக்குற புள்ள" என்பார். அது 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். "அடுத்த பெரிய புயலுக்கு நீ வயித்துல." அது 1977 நவம்பர். அம்மாச்சி வயதுக்கு வந்தது "உப்பு அள்ளுன வருஷம்". அதாவது ராஜாஜி திருச்சியிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு நடந்து வந்து வேதாரண்யத்தில் உப்பு எடுத்த 1930. அப்பா இறந்தது "சுனாமிக்கு முந்தின ஆடி". தென்னந்தோப்பு போனது கஜாவில், 2018-இல்.

இதற்கு நேர்மாறாக, அண்ணன் மகள் அமெரிக்காவில் வளர்கிறாள். மூன்று வயதில் நீச்சல் குளத்தில் வழுக்கி விழுந்ததை, போட்டிருந்த உடையின் நிறம் முதற்கொண்டு சொல்கிறாள். "அன்னைக்கு எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, ஆனா நான் அழல" என்கிறாள். சின்னப் பெண்ணிடம் ஒரு முழுக் கதை இருக்கிறது. அதன் நடுவில் அவளே நிற்கிறாள். அம்மாவிடம் ஒரு ஊரே இருக்கிறது, அதில் அம்மாவைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இது அம்மாவின் சுபாவமா, வயதா, வளர்ந்த விதமா? எப்படிக் கேட்டால் அவரும் உள்ளே வருவார்? இதே மாதிரி பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்தவர்கள் சொல்லுங்கள்.

மனநூல் வாசகன்:

உளவியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அம்மாவிடமும் அண்ணன் மகளிடமும் பார்த்த வித்தியாசத்தை ஆராய்ந்தே இருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உளவியலாளர் சி வாங் சீனாவில் பிறந்து வளர்ந்தவர். அமெரிக்க மாணவர்களிடமும் சீன மாணவர்களிடமும் அவர்களுடைய ஆக முந்தைய நினைவைக் கேட்டு 2001-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்கர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதில் நடந்தது. சீனர்களுடையது அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிந்தியது. வயதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நினைவுகளின் உருவம். அமெரிக்க நினைவுகள் ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றியவை, நீளமானவை, சொல்கிறவரின் உணர்ச்சியைச் சுற்றி வருபவை. சீன நினைவுகள் சுருக்கமானவை. குடும்பமாக, கூட்டமாக, வழக்கமாகச் செய்ததைப் பற்றியவை. உங்கள் அம்மாவின் முல்லைக்கொல்லை அப்படியே இந்த வகை.

உடனே "மேற்கே தனிமனிதன், கிழக்கே கூட்டம்" என்று முடிச்சுப் போட்டுவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். நியூஸிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று தரப்பினரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினருக்கு வழக்கம்போல மூன்றரை வயதை ஒட்டி வந்தது. ஆசியர்களுக்கு ஐந்தை நெருங்கியது. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கோ மூன்று வயதுக்கும் முன்னால்! மாவோரிகள் குலம், முன்னோர், கூட்டு வாழ்க்கை என்று வாழ்கிறவர்கள். கூட்டமாக வாழ்வதுதான் காரணம் என்றால் அவர்களுடைய முதல் நினைவு பிந்தியிருக்க வேண்டும்.

அப்புறம் எது காரணம்? வீட்டில் நடந்துபோனதைப் பற்றிப் பெரியவர்கள் பிள்ளையோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் பெரிய காரணம் என்று ராபின் ஃபைவஷ், எலைன் ரீஸ் போன்ற உளவியலாளர்கள் பல காலமாக ஆராய்ந்து சொல்லி வருகிறார்கள். சில தாய்மார்கள் "நேத்து கோயிலுக்குப் போனோமே, அங்க என்ன பார்த்தே? யானை தும்பிக்கைய வச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று பிள்ளையின் வாயைக் கிளறிக் கதையை வளர்ப்பார்கள். சிலர் "யானைகிட்ட அடம் புடிச்சியா இல்லையா? இனிமே அப்படிச் செய்யலாமா?" என்று நடந்ததைப் புத்தி சொல்லப் பயன்படுத்துவார்கள். முதல் வகைப் பேச்சில் வளர்கிற பிள்ளைக்குத் தன்னை நடுவில் வைத்துச் சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. மாவோரித் தாய்மார்கள் பிள்ளையிடம் அது பிறந்த கதையைச் சொல்லும் விதத்தை ரீஸ் குழு 2008-இல் தனியாக ஆராய்ந்தது. யார் வந்தார்கள், யாருக்கு என்ன தோன்றியது என்று ஐரோப்பிய வம்சாவளித் தாய்மார்களைவிட விரிவாகச் சொன்னார்கள்.

நம் வீடுகளிலும் "நீ பொறந்த அன்னைக்கு அடிச்ச மழை இருக்கே" என்று தொடங்கும் கதை உண்டு. உங்கள் அம்மாவிடம் அந்தக் கதையை யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள். அவர் பிறந்த கதையை அம்மாச்சி எப்படிச் சொன்னார் என்று கேட்டால், வேறொருவர் வாய் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குச் சுலபமாக இருக்கும்.

மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், நினைவைப் பற்றி 1932-இல் எழுதிய புத்தகத்தில் ஆப்பிரிக்காவின் தெற்கே வாழும் ஸ்வாசி இனத்து மாட்டுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். ஓராண்டுக்கு முன்பு வாங்கிய மாடுகளின் நிறம், விலை, விற்றவர் பெயர் எல்லாவற்றையும், ஓரிரு சிறு பிழை தவிர, அவர் அப்படியே ஒப்பித்தார். அது அபூர்வ ஞாபகசக்தி இல்லை என்று பார்ட்லெட் விளக்கினார். அந்தச் சமூகத்தில் மாடு எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்கு அது மனதில் தங்குகிறது. உங்கள் அம்மாவின் மாட்டு வரிசையை வெட்டிவிடாதீர்கள். எது விலை போனது, எதற்காகப் போனது என்பதில் அவருடைய வாழ்க்கை முழுக்க இருக்கிறது.

வி.ஏ.ஓ. (ஓய்வு):

தங்கச்சி, நான் படித்த ஆராய்ச்சி ஒன்றுமில்லை. கிராம நிர்வாக அலுவலராகக் காலம் தள்ளியவன். முதியோர் உதவித்தொகைக்கு வயது விசாரிப்பது எங்கள் வேலையில் பெரிய பாடு. "வயசு என்னம்மா?" என்றால் "போட்டுக்க, அறுபது எழுபது இருக்கும்" என்பார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தாலும் நம்ப முடியாது. அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்டு, ஏதோ ஒரு தேதியைத் தலைமையாசிரியர் எழுதிவிடுவார். அதனால்தான் நிறையப் பெரியவர்களுக்கு மே, ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருகிறது.

நாங்கள் கேட்கிற விதம் வேறு. "எம்.ஜி.ஆரைச் சுட்டாங்களே, அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" அது 1967 ஜனவரி. "அண்ணா செத்தப்ப மூத்த புள்ள பொறந்திருச்சா, வயித்துலயா?" 1969 பிப்ரவரி. கும்பகோணத்துப் பக்கம் என்றால் மகாமகம் நன்றாக உதவும். 1968, 1980, 1992 என்று பன்னிரண்டு வருஷத்துக்கு ஒன்று. "அந்த மகாமகத்துக்குப் புள்ளைய இடுப்புல வச்சிருந்தேன், அடுத்ததுக்கு அவன் என் கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனான்" என்று ஒரு அம்மா சொன்னார். தேதி கேட்டால் திகைக்கிறவர்கள் இப்படிக் கேட்டால் கணக்கு பிசகாமல் சொல்வார்கள்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1955-லும் நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கிற சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய புயல் அடித்தது. அம்மா சொல்லும் "மொதப் புயல்" எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தம்பி பிறந்திருந்தானா, வீட்டில் எந்த மாடு கறவையில் இருந்தது என்று கேட்டால் தெரிந்துவிடும்.

நாவற்குழி:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். உங்கள் அம்மா புயலைச் சொல்கிற இடத்தில் எங்கள் வீட்டில் போரால் வந்த இடம்பெயர்வைச் சொல்வார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுக்கக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அப்பம்மா எதைக் கதைத்தாலும் "இடம்பெயர முந்தி", "வெளிக்கிட்டாப் பிறகு" என்றுதான் தொடங்குவா. சித்தியின் சாமத்தியவீடு முந்தி. மாமரம் வெட்டினது பிறகு. எனக்குப் பல் விழுந்தது சாவகச்சேரியில், அதுவும் பிறகு.

இது எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நோர்மன் பிரவுன் என்கிற கனடா உளவியலாளர் குழு, பல நாட்டுச் சனத்திடம் அவரவர் வாழ்க்கைச் சம்பவங்களுக்கு நாள் குறிக்கச் சொல்லி, எப்படி யோசித்து அந்த நாளைப் பிடித்தார்கள் என்று கேட்டார்கள். பொஸ்னியாக்காரர் போரை வைத்துத்தான் அடிக்கடி கணக்குப் பார்த்தார்கள். நியூயோர்க்காரர் 2001 செப்டம்பர் தாக்குதலை மிகக் குறைவாகத்தான் சொன்னார்கள். உலகம் முழுக்கப் பேசின சம்பவம்தான், ஆனால் அவர்களின் அன்றாடச் சீவியத்தை வேரோடு பிடுங்கவில்லை. வீடு, பள்ளிக்கூடம், கடை, அயல் எல்லாம் ஒன்றாக மாறினால்தான் ஒரு சம்பவம் சனத்தின் சொந்த நாட்காட்டியாக மாறும். எனக்கு இதை வாசித்தபோது நெஞ்சு அடைத்தது. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தனியாக ஒரு நாட்காட்டி மிஞ்சவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அம்மாவிடம் என்ன பாஷையில் கேட்கிறீர்கள்? தமிழ்தானே என்று நினைப்பீர்கள். கேள்விப் பட்டியல் இங்கிலிசில் யோசித்த பட்டியல். வியோரிகா மரியன், உல்ரிக் நைசர் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவுக்கு வந்த ரஷ்ய இளைஞர்களிடம் ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்யாவில் வாழ்ந்த நினைவுகள் கூட வந்தன. இங்கிலிசில் கேட்டால் அமெரிக்க நினைவுகள் கூட வந்தன. என் பிள்ளைகள் அப்பம்மாவிடம் பள்ளிக்கூடத் தமிழில் கேட்டால் "ஓம், இல்லை" என்று பதில் வரும். நான் ஊர்க் கதையில் தொடங்கினால் நிற்பாட்ட ஏலாது. உங்கள் ஊர்ப் பேச்சில், அவர் வேலை செய்யிற நேரத்தில் கேட்டுப் பாருங்கோ.

மாசிவீதி:

மேலே இருப்பவர்கள் காலத்தைச் சொன்னார்கள். நான் திசையைச் சொல்கிறேன். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990-களில் மதுரைப் பக்கம் வந்து ஆராய்ந்தார். மேசையில் வரிசையாக வைத்த பொம்மைகளைக் காட்டி, ஆளைத் திருப்பி வேறொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொன்னால், கிராமத்தார் பெரும்பாலும் வடக்கு தெற்கு மாறாமல் அடுக்கினார்கள், நகரத்தார் இடம் வலம் மாறாமல் அடுக்கினார்கள். ஒரே தமிழ்தான். பேசிப் பழகிய விதம் வேறு, மனதில் பதிந்த விதமும் வேறு.

ஆஸ்திரேலியாவில் குகு யிமிதிர் மொழி பேசும் பெரியவர் ஒருவர் படகு கவிழ்ந்த தன் அனுபவத்தை 1980-இல் ஒருவரிடமும் 1982-இல் இன்னொருவரிடமும் சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் வேறு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனாலும் படகு புரண்ட பக்கத்தைக் கை காட்டியபோது திசை மாறவில்லை. உங்கள் அம்மா "மேலண்டை, கீழண்டை" என்று பேசுகிறவராக இருந்தால், "எப்ப?" என்பதை விட்டுவிட்டு "எங்க?" என்று கேளுங்கள்.

தேன்மொழி:

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. எல்லாரும் பண்பாடு, நினைவின் உருவம் என்று அழகாக விளக்குகிறீர்கள். அந்தத் தலைமுறைப் பெண்ணிடம் "உனக்கு என்ன தோணுச்சு?" என்று கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் யாராவது ஒரு முறை கேட்டிருப்பார்களா? கேட்காத கேள்விக்குப் பதில் தயாராக இருக்காது. சொன்னால் வீட்டில் சண்டை வரும், நாத்தனார் காதுக்குப் போகும், பிள்ளைகள் வருத்தப்படும் என்று அடக்கி அடக்கி வைத்ததை, "அவர்கள் கூட்டாக நினைவு வைக்கிறார்கள்" என்று எழுதினால் என் மனம் ஒப்பவில்லை. அதே ஊரில் அதே வயது ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள். "நான்தான் முதல்ல போர்வெல் போட்டேன், நான்தான் பஞ்சாயத்துல பேசுனேன்" என்று தன் பெருமையை மணிக்கணக்காகச் சொல்வார்கள். அவர்களும் அதே பண்பாடுதானே?

அந்தப் பெண்கள் தன்னைப் பற்றிப் பேச ஊர் அனுமதித்த இடம் ஒன்று உண்டு. அது ஒப்பாரி. செத்தவரைப் பாடுகிற சாக்கில் தன்னைப் பாடிக்கொள்வார்கள். தாய் செத்தால் தன்னை எங்கே கட்டிக்கொடுத்தாள், புகுந்த வீட்டில் என்ன பட்டேன், எந்தச் சீர் வரவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் அதில் வரும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் வாயைத் திறந்து தடுக்க முடியாது. உங்கள் அம்மா அம்மாச்சிக்கு என்ன பாடினார் என்று கேட்டீர்களா?

கோடியக்கரைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. இடையில் ஊருக்குப் போய்வந்தேன், அதனால்தான் இவ்வளவு தாமதம்.

கேள்விப் பட்டியலை எடுத்துப்போகவில்லை. அம்மா கீற்று முடைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "மொதப் புயல் அன்னைக்கு வீட்டுல யாரு யாரு எங்கெங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். கை நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. தெற்குத் தாழ்வாரம் முதலில் சரிந்தது. காற்று வடக்கே இருந்து அடித்துக்கொண்டிருந்தது, நடுவில் ஓய்ந்தது. "நின்னுருச்சுன்னு மாட்டை அவுக்கப் போனாரு எங்க அப்பா. அப்பறம் தெக்கேருந்து ஒரே வாங்கா வாங்குச்சு." கீழண்டை அறையில் இருந்த நெல் குதிருக்குள் தாத்தா பிள்ளைகள் எல்லாரையும் இறக்கிவிட்டிருக்கிறார். அந்த இடத்தில்தான் அம்மா உள்ளே வந்தார். "தம்பி என் மடியில. உமி வாடை, மூச்சு முட்டுது. மேல மூடி போட்டுட்டாங்க. எங்கள இதுக்குள்ள வச்சிட்டு அவங்க போயிருவாங்களோன்னு எனக்கு ஒரே பயம். இவன் அழுவான்னு நான் அழல." நான் பிறந்ததிலிருந்து இதைக் கேட்டதே இல்லை. மாமாவுக்கும் தெரியவில்லை.

வி.ஏ.ஓ. ஐயா, தம்பி மடியில் இருந்ததால் 1952-தான். மாமா அப்போது கைக்குழந்தை. 1955-இல் அவர் நன்றாக ஓடியிருப்பார்.

மனநூல் வாசகன் சொன்னபடி அம்மா பிறந்த கதையைக் கேட்டேன். அதற்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. "நாலாவதா பொண்ணு பொறந்துச்சுன்னு சொன்னாங்களாம்" என்பதோடு நின்றுவிட்டது. அந்த வெறுமையே ஒரு பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேன்மொழி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை. ஒப்பாரியைக் கேட்டேன். வீட்டுக்குள் காரணமில்லாமல் பாடக்கூடாது என்று மறுத்துவிட்டார். அப்புறம் அவராகவே மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாச்சிக்குப் பாடியதைப் பாடினார். பதிவு செய்ய விட்டார். அதில் அந்தக் காசுமாலை இருக்கிறது. அடகுக்குப் போனதை எங்களிடம் இத்தனை காலம் ஒரு கணக்குப் போலத்தான் சொல்லி வந்தார். பாட்டில் அது கழுத்திலிருந்து இறங்கிய நாள் இருக்கிறது, கழற்றச் சொன்னவர் இருக்கிறார், தாய்வீட்டுக்குப் போகும்போது சேலைத்தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்ட பெண் இருக்கிறாள். கழற்றச் சொன்னவர் யார் என்று நான் இங்கே எழுதவில்லை. அம்மாவிடம் அனுமதி வாங்கவில்லை.

ஆனால் உங்களோடு ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மாடும் மாமாவும் பந்தியும் அம்மா தன்னை மறைத்துக்கொள்ளப் போட்ட திரை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. சின்ன மாமாவுக்கு வேலை கிடைத்த கதையைத் திரும்பக் கேட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் அவருடைய தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, கொல்லை மீண்டது, அம்மாவின் பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். "வாழ்க்கையை மாற்றிய தருணம்" என்ற கேள்விக்கு அது அசல் பதில். என் கண்ணுக்குத்தான் அது மாமாவின் கதையாகத் தெரிந்தது. அவர் அடக்கி வைத்தவையும் இருக்கின்றன, உண்மையிலேயே எல்லாரோடும் சேர்த்து வாழ்ந்தவையும் இருக்கின்றன. இரண்டையும் புத்தகத்தில் கொண்டுவர வேண்டும்.

அத்தியாயங்களை வருஷ வரிசையில் பிரிக்கப்போவதில்லை. புயல்கள், மாடுகள், வீட்டின் நாலு பக்கம், காசுமாலை என்று பிரிக்கலாம் என்று இருக்கிறேன். ஒப்பாரியைச் சேர்ப்பதா என்பதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும்.

வி.ஏ.ஓ. ஐயாவிடம் ஒரு கேள்வி. 1940-களின் பிறப்புப் பதிவேடு இப்போது எங்கே இருக்கும்? அம்மா பிறந்தது எந்த மாதம் என்றாவது கண்டுபிடிக்க வழி உண்டா?

வி.ஏ.ஓ. (ஓய்வு):

முதலில் தாலுகா ஆபீசில் பழைய பதிவேடுகள் இருக்கின்றனவா என்று விசாரித்துப் பாருங்கள் தங்கச்சி. உங்கள் பகுதி அப்போது தஞ்சாவூர் ஜில்லா, அதையும் மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளை பெயர் எழுதியிருக்காது, தகப்பன் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான் பெரும்பாலும் இருக்கும். தாத்தாவின் பெயரை முன்னெழுத்தோடு குறித்துக்கொண்டு போங்கள். நாலாவது பெண் என்று சொன்னீர்களே, மூத்த பிள்ளைகளின் பதிவும் அதே ஊர்க் கட்டில் இருக்கலாம். அதிலிருந்து வரிசை பிடித்துவிடலாம். கிடைக்கவில்லை என்றால் அம்மாவுக்கு நட்சத்திரம் தெரிகிறதா என்று கேளுங்கள்.